நடையும் சிந்தையும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் பேசப்பெறும் இம்மேடையிலே நான் ஒரு நோயைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். செயலாளர் அவர்கள் பேச்சின் பொருளைக் கேட்டபோது, "பாக்கின்சன் நோயிலே நடை" என்றேன். "நடையோ, நடுக்கமோ?" என்று திருப்பிக் கேட்டார். நடைதான். நடுக்கத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அந்நோயிலே நடை எவ்வாறு கெடுகிறது, அக்கேட்டுக்குக் கால் பொறுப்பா, சிந்தை பொறுப்பா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வன்னியிலே பிறந்தவர்களுக்கு நடையின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து செல்லும் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கிறோம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களும் நமது மாவட்டத்தினூடாகவே போகின்றனர். 2009ஆம் ஆண்டிலே இம்மாவட்டத்து மக்கள் எவ்வளவு தூரம், எவற்றைச் சுமந்து நடந்தார்கள் என்பதை இச்சபையிலே இருக்கும் பெரியோர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வயல் வரப்பிலே போகின்ற கமக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோளிலே மண்வெட்டி. வாயிலே பேச்சு. கண்ணோ அயல் வயலுக்குள் இறங்கிவிட்ட மாட்டின்மேல் இருக்கிறது. கால்கள் மாத்திரம் தம்பாட்டிலே வரப்பின்மேல் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு சாணகல வரப்பிலே அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அவர் யோசிப்பதேயில்லை. "தம்பாட்டிலே" என்னும் நம் ஊர்ச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்திய சாத்திரம் பெரிய பெரிய சொற்களாற் கூறுவதெல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கும். பாக்கின்சன் நோய், தம்பாட்டிலே நடக்கும் அந்த நடையைத்தான் முதலிலே பறித்துக்கொள்கிறது.

இந்நோயை விரித்தெழுதியவர் இலண்டனை அடுத்த ஹொக்ஸ்டன் என்னும் இடத்திலே வைத்தியம் செய்துவந்த ஜேம்ஸ் பாக்கின்சன். 1817ஆம் ஆண்டிலே 66 பக்கங்கொண்ட சிறு நூலொன்றை அவர் வெளியிட்டார். ஆறே ஆறு பேரை வைத்து எழுதிய நூல் அது. அவர்களிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களல்லர், தெருவிலே கண்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எனினும் என்ன கூர்மையான பார்வை! உடல் முன்னே வளைவதையும், நடை மெல்லமெல்ல ஓட்டமாக மாறி ஆளை முன்னே தள்ளுவதையும் பிசகின்றி எழுதிவைத்தார். புலன்களும் புத்தியும் மட்டும் இந்நோயிற் கெடுவதில்லை என்றும் எழுதினார். தெருவிலே போகிறவரின் நடையைப் பார்க்கலாம். புத்தியை எப்படி அளப்பது? அந்த ஒரு வசனமே நெடுங்காலம் வைத்திய உலகத்தின் கண்ணை மறைத்தது. பின்னர் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் சார்க்கோ இரண்டு திருத்தங்கள் சொன்னார். தசைகளிலே பலம் இருக்கும்போது இதனை வாதம் என்பது பொருந்தாது என்பது ஒன்று. நோய் முதிரும்போது மனமும் மங்குவதுண்டு என்பது மற்றையது. நோய்க்குப் பாக்கின்சனின் பெயரை இட்டவரும் அவரே. நம்முடைய ஆயுள்வேதமும் கம்பவாதம் என்று நடுங்குநோய் ஒன்றைச் சொல்கிறது.

நோயின் மூலம் நடுமூளையிலுள்ள கருநிறமான ஒரு சிறு பகுதி. அங்குள்ள கலங்கள் டோபமின் என்னும் இரசாயனத்தைச் செய்து, மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களுக்கு அனுப்புகின்றன. பழகிப்போன செயல்களைத் தம்பாட்டிலே நடத்திச்செல்பவை அந்தத் திரள்களே. கருநிறக் கலங்கள் அழிய அழிய டோபமின் வற்றுகிறது. ஊற்று வற்றினாற் கீழுள்ள வயல் காய்வதுபோல என்று, தண்ணீரூற்றிலே நின்றுகொண்டு உவமை சொல்வது எனக்கு எளிது.

இதைக் கண்டுபிடித்த வரலாற்றிலே நம் நாட்டுப் பக்கத்து மூலிகைகள் இரண்டு வருகின்றன. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1957ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், முயல்களுக்கு றெசேர்ப்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார். அது சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த மருந்து. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. பின்பு டோபா என்னும் பொருளைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவை எழுந்து திரிந்தன. டோபாதான் மூளைக்குள்ளே டோபமினாக மாறுவது. 2000ஆம் ஆண்டிலே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த டோபாவை 1937ஆம் ஆண்டிலேயே சென்னையிலே தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். பட்டாற் சொறியவைக்கும் அதே பூனைக்காலிதான். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் பற்றைக்குள் இறங்கி விதை பொறுக்க வேண்டாம். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும்.

1967ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலே கொற்சியாஸ் என்னும் வைத்தியர் டோபாவைப் பெரிய அளவிலே படிப்படியாகக் கொடுத்து, கட்டிலிற் கிடந்தவர்களை எழுப்பினார். அதன் வழிவந்த லெவோடோபா மாத்திரையே இன்றுவரை முதன்மையான மருந்து. இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாத்திரை உள்ளே போனதும் அடிகள் நீளும், வேகம் கூடும், கை வீச்சுத் திரும்பும். ஆனாலும் விழுகிறவர் விழுந்துகொண்டேயிருக்கிறார். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையிலுள்ள நேரம் ஒரு சீராக வருவதில்லை. டோபமின் ஒன்றே காரணமானால் இப்படி நடக்கலாமா?

இங்கேதான் நோயின் குறிகளைப் பகுத்துப் பார்க்கவேண்டும். நடுக்கம், தசை இறுக்கம், அசைவின் மந்தம் என்பன மூன்று பெருங்குறிகள். இவற்றிலே கண்ணுக்கு முதலிற் படுவது நடுக்கம். 1996ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக் விழாவிலே குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி நடுங்கும் கையோடு சுடரேற்றியதை உலகம் முழுவதும் பார்த்தது. ஆனால், நடையைப் பொறுத்தமட்டிலே நடுக்கம் அவ்வளவு பெரிய எதிரியன்று. நடுக்கமே மேலோங்கி நிற்கும் நோயாளர் பலர் நெடுநாள் நன்றாக நடக்கிறார்கள். அவர்கள் சிந்தையும் நெடுநாள் தெளிவாக இருக்கிறது. அசைவின் மந்தமும் நடைத் தளர்ச்சியும் சமநிலைக் குலைவும் மேலோங்கியவர்களிலேதான் சிந்தைத் தளர்ச்சி விரைந்து வருகிறது. அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்திலே நோயாளர் கூட்டமொன்றை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இருபதாம் ஆண்டிலே உயிரோடிருந்தவர்களில் 87 வீதத்தினர் விழுந்தெழும்பியவர்கள். 83 வீதத்தினருக்கு அறிவு மயக்கம் வந்திருந்தது. இருபது ஆண்டுக்குப் பிந்திய கணக்கு இது. நோய் கண்ட உடனே இப்படியாகுமென்று யாரும் அஞ்ச வேண்டாம். நடையும் சிந்தையும் அருகருகே தளர்கின்றன என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

ஏன் அருகருகே? தம்பாட்டிலே நடக்கும் நடை போய்விட்டால், மனிதன் யோசித்து நடக்கிறான். சிறு பிள்ளை நடை பழகுவதுபோல, ஒவ்வோர் அடியையும் மனம் எண்ணி வைக்கிறது. வீட்டிலே வேலைக்காரன் நின்றுவிட்டால், முதலாளி தானே இறங்கி வேலை செய்வதற்கு இதை ஒப்பிடலாம். முதலாளி மூளையின் முன்பகுதியிலே இருக்கிறார். அவருக்கு வேறு அலுவல் இல்லாதவரை வேலை நடக்கும். வேறு அலுவல் வந்தால்? நோயாளரை நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டு நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். நோயற்ற இளைஞருக்கு இது விளையாட்டு. நோயாளருக்கோ அடி குறுகுகிறது, வேகம் விழுகிறது, கணக்கும் பிழைக்கிறது. இதிலும் ஒரு விபரீதம் உண்டு. இரண்டிலொன்றை விடத்தான் வேண்டுமென்றால், நாமெல்லோரும் பேச்சை விட்டு நடையைக் காப்பாற்றுவோம். பாக்கின்சன் நோயாளர் பலர் பேச்சைப் பிடித்துக்கொண்டு நடையை விட்டுவிடுகிறார்கள். மறுமொழி சொல்லி முடிக்கிறபோது நிலத்திலே கிடக்கிறார்கள்.

சிந்தை என்று பொதுவாகச் சொன்னால் மறதிதான் பலர் நினைவுக்கு வரும். நடையோடு மிக நெருங்கிய உறவுடையது மறதியன்று. அவதானத்தைப் பங்கிடுதல், திட்டமிடுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல் ஆகிய ஆற்றல்களே நடையைத் தாங்குகின்றன. எண்களையும் எழுத்துக்களையும் மாறிமாறிக் கோட்டினால் இணைக்கச் சொல்லும் ஒரு சோதனை உண்டு: 1, பின்பு அ, பின்பு 2, பின்பு ஆ. அதிலே தடுமாறுகிறவர்கள் நடையிலும், விசேடமாகத் திரும்பும்போதும், தடுமாறுவதைக் காண்கிறார்கள். ஆகவே பேரப்பிள்ளையின் பெயரை மறக்காத ஒருவருக்கு நடையைத் தாங்கும் சிந்தையும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டலாகாது.

எங்கள் ஒழுங்கையிலே எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருந்தார். நெடுங்காலம் கமம் செய்தவர். வீட்டுப் படலைக்கு வந்தவுடன் அவர் கால்கள் நிலத்திலே ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடல் முன்னே சரியும், பாதம் எழும்பாது. "இஞ்சாருங்கோ, மருந்து குடிச்சனீங்களோ?" என்று பெரியம்மா அடுக்களையிலிருந்து கேட்டால் நடந்துகொண்டிருந்தவரும் நின்றுவிடுவார். ஆனால் சைக்கிளிலே ஏற்றிவிட்டால் கடைவரை நேராக ஓடிப் போவார். இறங்கியதும் மறுபடியும் நட்ட கட்டையாய் நிற்பார். "சைக்கிள் ஓட ஏலுமாம், நடக்க ஏலாதாம், நல்ல நடிப்பு" என்று ஊரிலே சொன்னார்கள். அவர் காதுபடவும் சொன்னார்கள். அதன்பின் அவர் படலைப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார், கோயிலுக்கும் வருவதில்லை. நோய் அவரை வீட்டுக்குள் அடைத்ததைவிட ஊர்ப்பேச்சு அடைத்ததே அதிகம்.

அது நடிப்பன்று. 2010ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து நைமேகன் நகர வைத்தியர்கள் இதே புதுமையை வைத்திய சஞ்சிகையொன்றிலே சலனப்படத்தோடு வெளியிட்டார்கள். 58 வயதான ஒருவர், பத்தாண்டு நோய். சில அடிகள் வைப்பதற்குள் விழுகிறார். சைக்கிளிலே ஏற்றிவிட்டால் தெருவிலே சுகமாக ஓடுகிறார். மிதி சுழலும்போது அதன் தாளமே அடுத்த அசைவுக்கு அழைப்பாக அமைகிறது என்பது ஒரு விளக்கம். சைக்கிளோட்டமும் நடையும் மூளையிலே வெவ்வேறு வழியால் நடைபெறலாம் என்பதும் ஒரு விளக்கம். எப்படியாயினும் காலிலே பலம் இருக்கிறது, நடக்கும் விருப்பமும் இருக்கிறது, உள்ளேயிருந்து வரவேண்டிய கட்டளைதான் வரவில்லை என்பது தெளிவு. ஆகவே கட்டளையை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். நிலத்திலே குறுக்குக்கோடுகள் கீறினால் நோயாளர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பதை இங்கிலாந்தின் பேர்டன் மாட்டின் என்னும் வைத்தியர் 1967ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். இந்தியாவிலே பூனா நகரத்தைச் சேர்ந்த மிலேஹா சோனேஜி என்னும் இளம் வடிவமைப்பாளர், இந்நோயுற்ற தம் உறவினர் ஒருவர் சமநிலத்திலே நடக்க முடியாமல் நின்றும், படிக்கட்டிலே தடையின்றி இறங்குவதைக் கண்டார். படிக்கட்டுப்போலத் தோன்றும் ஓவியத்தை வீட்டு நிலத்திலே விரித்தார். உறவினர் அதன்மேல் நடந்தார். ஓவியம் முடிந்த இடத்திலே கால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. 2015ஆம் ஆண்டிலே டெல்வ்ட் நகரத்து மேடையொன்றிலே அவர் இதை விளக்கியிருக்கிறார். பெரிய இயந்திரம் இல்லை, ஊசி இல்லை, வெறும் கோடு. பெரியப்பாவுக்கு முன்னாலே அவர் பேரன் தன் காலைக் குறுக்கே நீட்டுவான். அதைத் தாண்டி அவர் அடி வைத்துவிடுவார். யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

கண்ணுக்குக் கோடு எப்படியோ, காதுக்குத் தாளம் அப்படி. நான் படித்த மிசன் பாடசாலையிலே விளையாட்டுப்போட்டி நாளிலே பாண்ட் முழங்க அணிநடை போவோம். மற்ற நாட்களில் ஒன்றாகக் கால் வைக்கத் தெரியாத பையன்களும் பெரிய மேளத்தின் அடிக்குச் சரியாகக் கால் வைப்பார்கள். அதே உபாயம் நோயாளருக்கும் உதவுகிறது. தாளக்கருவியின் அடிக்கு நடக்கப் பழக்கும்போது அடி நீண்டு நடை சீராகிறது. நம் சங்கத்துப் பசனைக் குழுவிலே கைத்தாளங்களுக்குக் குறைவில்லை.

இனி, சிந்தையின் பக்கமிருந்தே நடையைத் திருத்த முடியுமா என்று கேட்கலாம். அவதானத்துக்கு வேண்டிய வேறொரு இரசாயனம் உண்டு. அசற்றைல்கோலின் என்பது அதன் பெயர். இந்நோயிலே அதுவும் குறைகிறது. அறிவு மயக்கத்துக்குக் கொடுக்கும் றிவஸ்ரிக்மின் மருந்து அதைக் கூட்டுவது. இங்கிலாந்திலே பிறிஸ்டல் நகரத்து ஆராய்ச்சியாளர், முந்திய ஆண்டிலே விழுந்திருந்த 130 நோயாளரைக்கொண்டு பரிசோதித்து 2016ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களின் அடிநேரம் சீரானது, விழுவதும் குறைந்தது. சிந்தைக்குரிய மருந்து நடையைத் திருத்தியது என்பது எவ்வளவு பெரிய செய்தி! குமட்டல் முதலிய தொல்லைகளும் அதற்கு உண்டு. வைத்தியர் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து. அதே ஆண்டிலே ஐந்து நாடுகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஓடும் பட்டியின்மேல் நடந்துகொண்டே திரையிலே தோன்றும் தடைகளைத் தாண்டப் பழகியவர்கள், பட்டியில் வெறுமனே நடந்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். காலுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது போதாது என்பதற்கு இதுவும் சாட்சி.

நடக்கும்போது பேசவே கூடாது என்பது பழைய புத்திமதி. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த பெல்ஜிய, ஒல்லாந்து ஆராய்ச்சியிலே, நடையையும் பேச்சையும் சேர்த்துப் பழக்கியபோது விழுதல் கூடவில்லை என்றும் நடை முன்னேறியது என்றும் கண்டார்கள். என் அபிப்பிராயம் இது: நோய் இளமையாயிருக்கும்போது, பயிற்றுபவர் அருகிலே நிற்கச் சேர்த்துப் பழகலாம். சிந்தை தளர்ந்தபின், அடிக்கடி விழத் தொடங்கியபின், பழைய புத்திமதியே நல்லது.

வீட்டிலே செய்யவேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நடந்துகொண்டிருக்கும் பெரியவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். கேள்வி இருந்தால் அவர் இருந்தபின் கேளுங்கள். கையிலே தேநீர்க் கோப்பையைக் கொடுத்து விறாந்தைக்கு அனுப்பாதீர்கள். கால் ஒட்டி நின்றுவிட்டாற் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உடல் வரும், கால் வராது. நிற்கவிடுங்கள், ஒரு மூச்சு விட்டு, பாரத்தை ஒரு காலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி அடியெடுக்கச் சொல்லுங்கள். திரும்பும்போது நின்ற இடத்திலே சுழலாமல் அகல வளைந்து திரும்பட்டும். படலையடியிலும் கதவடியிலும் கிணற்றடிப் பாதையிலும் சுண்ணாம்பினாற் குறுக்குக்கோடு கீறுங்கள். கிணற்றடியிலே பாசி இருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். சைக்கிள் ஓடுவாரே என்று றோட்டிலே தனியே விடவும் வேண்டாம். ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும்.

மருந்து விடயத்திலே இரண்டு. லெவோடோபாவை நேரம் தவறாமற் கொடுக்க வேண்டும். மீன், இறைச்சி, பருப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தாற் சிலருக்கு அது சரியாக ஏறாது, ஆதலால் அரை மணி நேரம் முந்திக் கொடுக்கச் சொல்வார்கள். மற்றது, தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிறமைட், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை இந்நோயைப் போன்ற மந்தத்தையும் நடுக்கத்தையும் தாமே உண்டாக்கக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

உலகிலே 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி 85 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு. நம் ஊரிலே "வயது போனால் அப்படித்தான்" என்று எத்தனை பேரை விட்டுவைத்திருக்கிறோமோ! ஒரு கை மட்டும் வீசாமல் நடப்பவர், பாதத்தைத் தேய்த்து நடப்பவர், எழுத்துச் சிறுத்துப்போனவர் வீட்டிலே இருந்தால் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். போகும்போது ஒரு கொப்பியிலே மூன்று காரியம் எழுதிக்கொண்டு போங்கள்: சென்ற மாதம் எத்தனை முறை விழுந்தார், எந்த இடத்திலே கால் ஒட்டுகிறது, மாத்திரை குடித்து எவ்வளவு நேரத்தில் அப்படி ஆகிறது. கணக்கு வழக்கிலே, பேச்சின் தொடர்ச்சியிலே முன்னில்லாத தடுமாற்றம் கண்டால் அதையும் வெட்கப்படாமற் சேர்த்து எழுதுங்கள். வைத்தியர் முன்னிலையிலே நோயாளர் அவதானத்தை எல்லாம் திரட்டி அழகாக நடந்து காட்டிவிடுவதுண்டு. ஆதலால் இளைஞர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலே வீட்டு நடையைப் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டலாம். படம்பிடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடு கீறுவதற்கு ஆள் வேண்டுமென்று எந்த வீட்டார் சொல்லியனுப்பினாலும், விடுமுறை முடியுமுன் நானும் தோழர்கள் இருவரும் சுண்ணாம்பு வாளியோடு வந்துசேர்வோம்.